வானத்தை அளந்த ஆரியபட்டர்

பண்டைய பாரதத்தின் கணித மேதைகளில் தலைசிறந்தவர் ஆரியபட்டர். கி.பி. 476-ம் ஆண்டு பிறந்தவர். குசுமபுரத்தில் மதிக்கப்பட்ட கலையையே தாம் எடுத்துரைப்பதாக அவர் எழுதி இருக்கிறார். அந்த ஊர்தான் இன்றைய பாட்னா என்பது அறிஞர்கள் கருத்து.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது 'ஆரியபட்டீயம்' என்ற சிறிய நூல். மொத்தமே 121 சுலோகங்கள்தான். 499-ம் ஆண்டில் தமக்கு 23 வயது என்று அதில் குறிப்பிடுகிறார். படிப்பை முடித்து இளைஞர்கள் வேலை தேடி அலையும் வயது அது!

வில்லும் நாணும்

சூரியனும் சந்திரனும் எந்த நாளில் எங்கே இருக்கும், கிரகணம் எப்போது வரும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். வானத்தில் கோணத்தைத்தான் பார்த்து அளக்கலாம். முழம் போட்டு நீளத்தை அளக்க முடியாது. கோணத்தை நீளமாக மாற்ற ஒரு வழி தேவைப்பட்டது.

செங்கோண முக்கோணம் அதற்குக் கை கொடுத்தது. வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்று கொண்டால், அதன் இரு முனைகளைச் சேர்க்கும் கோடு நாண். நாணில் பாதியை மட்டும் எடுத்தால், வட்டத்தின் ஆரம் கர்ணமாக அமைய, ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. இப்படி 24 அரை நாண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கூடுகின்றன என்பதை, எழுத்துக்களையே எண்களாக்கி, ஒரே சுலோகத்தில் அடக்கி விட்டார் ஆரியபட்டர்.

ஒன்றுக்கு இரண்டு

ஆரத்துக்கு அவர் கொண்ட அளவு 3438. வட்டத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டும் நாண், ஆரத்துக்குச் சமம் என்று அவர் கூறுகிறார். அதில் பாதி 1719. அதுவே 30 டிகிரிக்கு உரிய அரை நாண்.

1719-க்கு 3438 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். இரண்டையும் 1719-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு இரண்டு, அவ்வளவுதான்! மூன்றாவது பக்கம் அவர் பட்டியலில் 2978. அதையும் 1719-ஆல் வகுத்தால் 1.732 வருகிறது. இது மூன்றின் வர்க்கமூலம். 45 டிகிரிக்கு உரிய அரை நாண் 2431. கர்ணத்தை அதனால் வகுத்தால் 1.414, இரண்டின் வர்க்கமூலம்.

முக்கோணம் காகிதத்தில் இருந்தாலும் ஆகாயத்தில் இருந்தாலும் கோணங்கள் மாறாத வரை இந்த விகிதங்கள் மாறா. பள்ளிப் பிள்ளைகள் இன்று படிக்கும் பாடமும் இதுவே.

எதிர்ப்பு

கணக்கில் காட்டிய துணிவைக் கருத்திலும் காட்டினார். நட்சத்திரங்கள் நகரவில்லை, பூமிதான் தன்னைத்தானே சுற்றுகிறது என்றார். கிரகணத்துக்குக் காரணம் ராகுவும் கேதுவும் அல்ல, நிழலே என்றார். பிரம்மகுப்தர் 628-ம் ஆண்டு எழுதிய நூலில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். அவருக்கு உரை எழுதியவர்களில் சிலரே, பூமி சுற்றுகிறது என்பதை ஒப்ப மனம் இன்றி வேறு பொருள் கூறினார்கள்.

ஆனால் அவருடைய கணிதம் கடல் கடந்தது. நாணைக் குறிக்கும் 'ஜீவா' என்ற வடசொல் அரபு மொழிக்குப் போயிற்று. அங்கே வளைவைக் குறிக்கும் வேறொரு சொல்லாக அது தவறாகப் படிக்கப்பட்டது. லத்தீனில் அதையே 'சைனஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். இன்றைய 'சைன்' அப்படி வந்ததே.

1975-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி சோவியத் மண்ணில் இருந்து ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக் கோளுக்கு 'ஆரியபட்டா' என்று பெயர் சூட்டினார்கள். பூமி சுழல்கிறது என்று சொல்லி ஏச்சு வாங்கியவரின் பெயர், சுழலும் அந்தப் பூமியைச் சுற்றி வந்தது.