ஜான் லாங்டன் டவுன்

ஜான் லாங்டன் டவுன் (நவம்பர் 18, 1828 - அக்டோபர் 7, 1896) ஒரு பிரித்தானிய மருத்துவர் ஆவார். டவுன் சிண்ட்ரோம் எனப்படும் டவுன் கூட்டறிகுறியைத் தனியொரு நிலையாக 1866 இல் விளக்கியவர். அறிவுத்திறன் குறைபாடுடையோர் கல்விக்குத் தகுதியற்றோர் எனக் கருதப்பட்ட காலத்தில், அவர்களுக்கு முறையான பயிற்சி அளித்த முன்னோடிகளுள் ஒருவர்.

இளமை

டவுன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள டார்பாயிண்ட் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுத் தந்தையின் கடையில் வேலை செய்தார். 18 ஆவது அகவையில் இலண்டன் சென்று அறுவை மருத்துவர் ஒருவரிடம் பணிபுரிந்தார். 1853 இல் இலண்டன் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து சிறப்பாகத் தேர்ச்சி பெற்றார்.

ஏர்ல்ஸ்வுட் காப்பகம்

1858 இல் சரே மாவட்டத்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தில் மருத்துவக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அக்கால மருத்துவர்கள் பெரிதும் நாடாத பணி இது. அங்கு உள்ளுறைவோரை அடித்துத் தண்டிப்பதைத் தடுத்தார். தூய்மை, நல்லுணவு, கைத்தொழில் ஆகியவற்றுக்கு முதன்மை அளித்தார். உள்ளுறைவோரைப் புகைப்படம் எடுத்தும் அளவுகள் குறித்தும் ஆவணப்படுத்தினார். 1860 இல் மேரி கிரெலின் என்பவரை மணந்தார்.

1866 ஆம் ஆண்டுக் கட்டுரை

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தோற்றத்தில் ஒத்திருந்த ஒரு குழுவினரை டவுன் இக்கட்டுரையில் விவரித்தார். பயிற்சியால் அவர்கள் நன்கு முன்னேறுவர் என்பதையும் பதிவு செய்தார். எனினும் முகத்தோற்றத்தைக் கொண்டு அவர்களை மங்கோலிய இனத்தாருடன் ஒப்பிட்டுப் பெயரிட்டது பிழையாகும். பெற்றோரின் காசநோயே காரணம் என அவர் கருதியதும் தவறென்று பின்னர் அறியப்பட்டது. அவர் இட்ட பெயர் ஏறத்தாழ நூறாண்டுகள் இழிசொல்லாக வழங்கியது.

நார்மன்ஸ்பீல்டு

காப்பக நிர்வாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1868 இல் விலகி, மனைவியுடன் இணைந்து இலண்டனை அடுத்த டெடிங்டனில் நார்மன்ஸ்பீல்டு என்னும் இல்லத்தைத் தொடங்கினார். 1879 இல் அங்கு ஒரு நாடக அரங்கும் திறக்கப்பட்டது. அவரது மறைவுக்குப் பின் மகன்கள் இருவரும் அப்பணியைத் தொடர்ந்தனர். 1905 இல் பிறந்த அவரது பேரன் ஒருவருக்கும் இக்கூட்டறிகுறி இருந்தது.

காரணமும் பெயர் மாற்றமும்

இந்நிலை உடையோரிடம் 21 ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதை 1959 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பெரும்பாலும் இது உயிரணுப் பிரிவின்போது தற்செயலாக நேர்வதாகும். தாய் உண்ட உணவோ, கிரகணமோ, முன்வினையோ காரணமல்ல. 1961 இல் 19 அறிவியலாளர்கள் பழைய பெயரைக் கைவிடக் கோரினர். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று, 1965 இல் உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைத் தவிர்த்தது.

இந்தியாவில்

டவுன் கூட்டறிகுறி உடைய தம் மகளுக்காக ஜெய் வக்கீல் 1944 இல் மும்பையில் சிறப்புப் பள்ளியொன்றைத் தொடங்கினார். சென்னையில் 1984 இல் இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பு உருவானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அறிவுசார் குறைபாட்டையும் உள்ளடக்கியது. 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், தூத்துக்குடி முதலிய கடலோர மாவட்டங்கள் உட்பட நாடெங்கும், குழந்தைகளிடம் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டியவற்றுள் டவுன் கூட்டறிகுறியும் ஒன்றாகும். இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறைபாடு இருப்பதால் தொடக்கநிலைப் பரிசோதனை இன்றியமையாதது.

மூன்று 21 ஆவது குரோமோசோம்களைக் குறிக்கும் வகையில் ஆண்டுதோறும் மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.