தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டுற மீனும், ஒரு மதராஸ் டாக்டரும்

ஆவடி மார்க்கெட்டுல விரால் வாங்கப் போயிருக்கீங்களா? ஒரு பிளாஸ்டிக் டப்புல ரெண்டு விரக்கடை தண்ணிதான் இருக்கும். அதுல மணிக்கணக்கா உயிரோட நெளியும். பக்கத்து ஐஸ்ல கிடக்கிற ரோகு எப்பவோ செத்திருக்கும். ரெண்டுக்கும் செவுள் இருக்கே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்னு யோசிச்சா, 150 வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியோட அலைஞ்ச ஒருத்தர்கிட்ட போய் நிற்பீங்க. அவர் பெயர் பிரான்சிஸ் டே.

கூகுள்ல தேடினா முதல்ல வேற ஒரு பிரான்சிஸ் டே வருவார். அவர் 1639-ல மதராசுக்கு இடம் வாங்கின கம்பெனிக்காரர். நம்ம ஆள் 1829-ல இங்கிலாந்தின் சசெக்ஸில் பிறந்தவர். டாக்டருக்குப் படிச்சு, 1852-ல மதராஸ் ராணுவ மருத்துவப் பணியில சேர்ந்தார். அப்போ வயசு 23. நாம பிளேஸ்மென்ட்டுக்கு அலையுற வயசுக்கு ரெண்டு வருஷம்தான் கூட. கொச்சியில வேலை பார்த்தப்போ மீன் பைத்தியம் முத்திப்போச்சு. 1865-ல மலபார் மீன்கள் பற்றிப் புத்தகமே போட்டார். கொளத்தூர் கடைகள்ல 'மிஸ் கேரளா'ன்னு சிவப்புக் கோடு போட்ட மீன் பார்த்திருப்பீங்க. அதை முதன்முதலா விவரிச்சு, அன்றைய மதராஸ் கவர்னர் டெனிசன் பெயரை வெச்சவர் இவர்தான்.

இப்போ விரால் கதைக்கு வருவோம். விரால், பனையேறிக் கெண்டை மாதிரி மீன்கள் மேலே வந்து காற்றைக் குடிக்க முடியாதபடி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வலையைக் கட்டிப் பார்த்தார் டே. சுத்தி முழுக்கத் தண்ணி இருந்தும் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. இவற்றின் செவுள் சின்னது, அது மட்டும் உடம்புக்குப் போதாது. தலைக்குள்ள செவுளுக்கு மேலே ஒரு அறை இருக்கு. அதோட சுவர்ல ரத்தக் குழாய்கள் நிறைய. வாயால இழுத்த காற்றிலிருந்து ஆக்சிஜனை அங்கதான் எடுக்குது. நம்ம பக்கத்து ஏரிகள்ல சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறையுறப்போ கெண்டை வகைகள் முதல்ல மிதக்குறதுக்கும், விரால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறதுக்கும் காரணம் இந்த அறைதான்.

எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது வேற. ஆற்றுக்குக் குறுக்கே கட்டின அணைகள் மீன்களை என்ன செய்யுதுன்னு நேர்ல போய்ப் பார்த்தார். கடல்லேருந்து முட்டையிட ஆறேறி வர்ற உள்ளம் மீன் (வங்காளத்துல ஹில்சா) கொள்ளிடம் அணைக்கட்டுல முட்டி நின்னுடும். கவலையைக் கிளப்பினவர், அங்கே அணை கட்டின ஆர்தர் காட்டனேதான்! கட்டினவரே கேட்டது பெரிய விஷயம், சிவில் நண்பர்கள் கவனிக்கவும். மீன் ஏறிப்போக வழி விடுங்க, குஞ்சை அள்ளுற சின்னக் கண்ணி வலையைத் தடுங்கன்னு 1873-ல அறிக்கை கொடுத்தார் டே. அப்போ அவர் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர். சட்டம் வந்தது 1897-ல. அதைப் பார்க்க அவர் உயிரோட இல்லை.

1875-லேருந்து 1878 வரை வந்த 'இந்தியாவின் மீன்கள்'தான் அவரோட பெரிய வேலை. லத்தீன் பெயரோட, ஊர்க்காரங்க சொன்ன தமிழ்ப் பெயர்களையும் அதுல எழுதி வெச்சிருக்கார். சொன்ன மீனவர்கள் யாருன்னு மட்டும் புத்தகத்துல இல்ல. அது எனக்கு உறுத்துது.

லண்டன் அருங்காட்சியகத்துல குந்தர்னு ஒரு மீன் நிபுணர் இருந்தார். இவருக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. அந்தச் சண்டையில, டே தன் சேகரிப்புல ஒரு பகுதியை 1883-ல சிட்னி அருங்காட்சியகத்துக்கு வித்துட்டார். 1889-ல, 1400-க்கும் மேற்பட்ட இனங்களை விவரிக்கிற ரெண்டு தொகுதிகளை முடிச்ச அதே வருஷம், ஜூலை 10 அன்னிக்கு வயிற்றுப் புற்றுநோயில இறந்தார். நம்ம ஊர் ஆறு குளங்கள்ல பிடிச்ச மீன்கள் இன்னமும் சிட்னியில கண்ணாடி ஜாடிகள்ல இருக்கு.