ஆய்லரும் பேரெண்ணும்

சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் 1707-ஆம் ஆண்டு பிறந்தவர் லியோனார்டு ஆய்லர். இவர் நடுவயதிற்கு முன்னரே வலக்கண் ஒளியை இழந்தார். 1766-இல் பெர்லினிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு மீண்டபின் இடக்கண்ணும் மங்கியது. 1771-இல் செய்த அறுவைச் சிகிச்சை நிலைத்த பயன் தரவில்லை. அவ்வாண்டிலேயே தீ அவர்தம் இல்லத்தையும் எரித்தது.

ஆயினும் அவரது எண்ணாராய்ச்சி ஓயவில்லை. முப்பத்தோர் இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 214,74,83,647 என்னும் எண் கிடைக்கும். இது பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் கூறியிருந்தார், மெய்ப்பித்தாரில்லை. இது பகு எண்ணாயின், 46,340-க்கு மேற்படாத பகா எண் ஒன்று இதனை மீதமின்றி வகுத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்கள் ஏறத்தாழ 4,800 உள்ளன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது கண்ணுடையார்க்கே பெருந்தொல்லை அன்றோ! ஆய்லரோ, இதனை வகுக்கவல்ல பகா எண் எதுவாயினும், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதியாதல் வேண்டும் என்று கண்டார். எனவே சோதிக்க வேண்டியவை மிகச் சிலவாயின. அவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை. இம்முடிவு 1772-இல் ஒரு மடலின் வாயிலாக வெளியாயிற்று. அவர் 1783-இல் மறையும்வரை, அதனினும் பெரிய பகா எண்ணை எவரும் காட்டினாரில்லை.