பெயர் எழுதப்படாத முகங்கள்

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம், 1833, இராஜகாரிய முறை ஒழிப்பு என்று வரலாற்றுப் பரீட்சைக்கு நாமெல்லோரும் மனனம் செய்தவர்கள்தாம். அந்தக் கமரனின் மனைவி உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் என்பதும், நமது மலைநாட்டு மண்ணிலேயே அவர் அடங்கியிருக்கிறார் என்பதும் பாடநூலில் இல்லை.

ஜூலியா மார்கரெட் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. படித்தது பிரான்சில். 1838இல் தம்மைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமரனைக் கல்கத்தாவில் மணந்தார். பத்தாண்டுகளின் பின் குடும்பம் இங்கிலாந்து சென்றது. அங்கே வைட் தீவில் வாங்கிய வீட்டுக்கு, இலங்கையிலிருந்த தோட்டத்தின் நினைவாக டிம்போலா என்று பெயர் வைத்தார்கள்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமெராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. கணவர் கோப்பித் தோட்டங்களைப் பார்க்க இலங்கை வந்திருந்த தனிமைக் காலம் அது. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று, கோழிக்கூடு படமெடுக்கும் கூடமாயிற்று. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். டார்வின், டெனிசன் போன்ற பெரியவர்களும் அவர் முன் அப்படி அமர்ந்தார்கள், வீட்டுப் பணிப்பெண்ணும் அமர்ந்தாள்.

1875இல், அறுபது வயதில், கணவரோடு இலங்கைக்குப் புறப்பட்டார். கூடவே இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்களாம். கோப்பி இலைநோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம். மகனொருவர் களுத்துறையில் அரச அதிகாரியாக இருந்தார். இங்கே எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே இன்று மிஞ்சியிருக்கின்றன.

அவற்றுள் ஒன்று களுத்துறைக் கிராமத்தவர் சிலரின் படம். அதிலுள்ள சிறுமிக்குப் பன்னிரண்டு வயதென்றும், பக்கத்திலுள்ள முதியவர் தாம் அவளுடைய தகப்பன், வயது நூறு என்று சொல்வதாகவும் குறிப்பு உண்டு. வயது உண்டு, உறவு உண்டு, பெயர் மட்டும் இல்லை. 1877இல் உலகைத் தனியே சுற்றித் தாவரங்களை ஓவியமாக வரைந்துவந்த மரியான் நோர்த் என்ற பெண்மணி அங்கு விருந்தாளியாக வந்தார். அவருக்குக் கம்பளிச் சால்வையைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையில் குத்த நிறுத்தி, 96 பாகை வெயிலில் இயல்பாக நிற்கச் சொன்னாராம் ஜூலியா. அந்தப் படத்துக்கு மட்டும் பெயர் உண்டு.

தோட்டமே இல்லாத நிலையில், ஒருவரின் முதுகழகைப் படமெடுக்கவென்றே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்திய கதையும் நோர்த் எழுதிவைத்ததுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அக்கால ஸ்டூடியோக்கள் நம் மக்களைச் சாதி வாரியாக, தொழில் வாரியாக நிறுத்திப் படமெடுத்து விற்றன. ஜூலியாவின் படங்களில் அந்தக் கடைச்சரக்குப் பார்வை இல்லை. டார்வினின் முகத்தைப் பார்த்த அதே கண்ணோடுதான் கூலிப்பெண்ணின் முகத்தையும் பார்த்திருக்கிறார். பெயரையும் கேட்டிருக்கலாமே என்ற ஆதங்கம்தான்.

விடுமுறையில் வலப்பனை வீட்டுக்கு வந்தால் ஃபோனோடு தோட்டப் பாதையில் தனியே நடப்பேன். சுற்றுலா வேன்கள் நிற்கும், கண்ணாடியை இறக்குவார்கள், கொழுந்தெடுக்கும் பெண்களை நாலைந்து படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். என்னை அந்த அக்காமார் அப்படி விடுவதில்லை. யாருடைய மகள், எந்தப் பக்கம் வீடு, என்ன படிக்கிறாய், உம்மா சுகமா என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் ஜூலியா ஒரு தட்டைக் கழுவியே முடித்திருப்பார். பிறகு அவர்களே தங்கள் பெயரைச் சொல்லி, கொழும்பில் வேலை செய்யும் மகளின் வட்ஸ்அப்புக்குப் படத்தை அனுப்பச் சொல்வார்கள். அந்தப் படங்களில் எல்லோரும் கமெராவைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள்.

1879 ஜனவரி 26ஆம் திகதி கிளென்கெயான் தோட்டத்தில் ஜூலியா காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு கணவரும் அருகிலேயே அடங்கினார். அவர்கள் வந்தபோது இருந்த கோப்பி போய், இன்று சுற்றிலும் தேயிலை. இராகலை, நுவரெலியா, ஹட்டன் வழியாக எங்களூரிலிருந்து அங்கே போகலாம். வரும் விடுமுறையில் கூட்டிப்போவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். ஃபோனோடு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துப்போவேன்.