மூளை பேசியதைக் கேட்ட ஹான்ஸ் பெர்கர்

டிரைவர் தூங்கப் போறாரான்னு மூளை அலையை வெச்சே கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட்டை எல்லா பேட்ச்லயும் யாராவது ஒருத்தர் செய்வாங்க. தலையில் நாலு எலக்ட்ரோடு, ஒரு பஸ்ஸர், வேலை முடிஞ்சது. ஆனா அந்த இஇஜி-யை மனித மூளையில் முதன்முதலா பதிவு செய்தவர் என்ஜினியரே இல்லை, ஒரு மனநல மருத்துவர்.

ஹான்ஸ் பெர்கர் 1873-ல் ஜெர்மனியின் கோபர்க் அருகே பிறந்தார். வானியலாளர் ஆகணும்னு கணிதம் படிக்கப் போய், பாதியில் விட்டுட்டு ராணுவத்தில் சேர்ந்தார். பயிற்சியில் குதிரை மிரண்டு அவரைத் தூக்கி எறிந்தது. பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்து, மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி வந்தது: நலமா என்று. தம்பிக்கு ஏதோ ஆபத்துன்னு வீட்டில் இருந்த அக்காவுக்குத் தோன்றியிருந்தது. அது டெலிபதிதான் என்று அவர் நம்பினார். அதைப் புரிந்துகொள்ளத்தான் மருத்துவம் படித்தார். (காரணம் தப்பு, கிடைத்த ரிசல்ட் சரி!)

1897-ல் யேனா நகர மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மூளையின் ரத்த ஓட்டம், வெப்பநிலை என்று பல வருஷம் அளந்து பார்த்தும் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. 1924-ல், மண்டை ஓட்டில் அறுவை நடந்த 17 வயதுப் பையனிடம்தான் முதல் மின்னலை பதிவானது. 50 மைக்ரோவோல்ட் என்பது பென்சில் பேட்டரி வோல்டேஜில் 30,000-ல் ஒரு பங்கு. அதை அன்றைய கால்வனோமீட்டரில் பிடிப்பது சும்மாவா? வெறும் நாய்ஸா இருக்குமோ என்ற சந்தேகத்தில் சொந்த மகன் தலையிலும் திரும்பத் திரும்ப அளந்தார். 1929-ல்தான் வெளியிட்டார்.

கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் வினாடிக்கு சுமார் 10 தடவை ஆடும் ஆல்ஃபா அலை. கண்ணைத் திறந்தால் அது அடங்கிவிடும். கண் திறந்திருக்கும்போதே டிரைவரிடம் ஆல்ஃபாவும், அதைவிட மெதுவான தீட்டாவும் கூடினால் அவர் சொக்குகிறார் என்று இன்று நாம் கணக்குப் போடுவது இதை வெச்சுத்தான். அன்று பலர் நம்பவில்லை. நோபல் வாங்கிய ஏட்ரியன், 1934-ல் கேம்பிரிட்ஜில் மேத்யூஸுடன் சேர்ந்து செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நாஜிகள் அவரை ஒதுக்கினார்கள் என்றே ரொம்ப நாள் எழுதினார்கள். பின்னால் கிடைத்த ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன: கட்டாயக் கருத்தடைக்கு உத்தரவிட்ட நீதிமன்றத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். மூளையை அவ்வளவு மென்மையாகக் கேட்டவர் இதைச் செய்தார் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

1938-ல் ஓய்வு பெற்றார். 1940-ல் மறுபடியும் டெலிபதி பற்றி எழுதினார். கடும் மனச்சோர்வில் இருந்தவர், 1941 ஜூன் 1 அன்று, யேனாவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.