முறுக்கிய இணைக்கம்பி

கோவை உக்கடத்தில் சாலையோரம் தோண்டிய பள்ளத்தில் பழைய தொலைபேசி வடம் ஒன்று தென்பட்டால், அதனுள் வண்ண உறையிட்ட செம்புக்கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிக் கிடப்பதைக் காணலாம். கயிறு திரித்தாற்போன்ற அம்முறுக்கு உறுதிக்காக அமைந்ததன்று. இரைச்சலை அடக்குவதற்காக அமைந்தது. அதற்கு வழிகண்டவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

அவர் 1847 மார்ச் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாய் செவித்திறன் குறைந்தவர். தந்தை பேச்சொலிகளை ஆராய்ந்து கற்பித்தவர். உடன்பிறந்தோர் இருவரும் காசநோய்க்கு இரையாக, 1870இல் குடும்பம் கனடாவில் குடியேறியது. பின்னர் பாஸ்டன் நகரில் காதுகேளாதோர்க்குப் பெல் பேச்சுப்பயிற்சி அளித்தார். 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார்; மறு ஆண்டில் தம் மாணவி மேபெல் ஹப்பர்டை மணந்தார். இளமையிலேயே செவிப்புலன் இழந்த அவ்வம்மையாரால் கணவரின் கருவியில் ஒரு சொல்லையும் கேட்க இயலவில்லை.

கருவியின் புகழ் பரவியது. குறையும் உடன் வளர்ந்தது. தந்திமுறையைப் பின்பற்றி அன்று ஒற்றை இரும்புக்கம்பியே இழுக்கப்பட்டது. மின்னோட்டம் நிலத்தின் வழியே திரும்பியது. வலிய துடிப்புகளால் இயங்கும் தந்திக்கு அது போதும். தொலைபேசியோ மிக மெல்லிய மின்னோட்டத்தையும் ஒலியாக்கிவிடும். அருகிலுள்ள தந்திக்கம்பியின் தட்டொலியும் அடுத்த இணைப்பில் பேசுவோர் குரலும் மின்தூண்டலால் அதனுள் புகுந்தன. சொல் விளங்காத, மறைபொருள் காக்காத கருவியை எவர் விரும்புவர்?

பெல் நிலத்தைக் கைவிட்டார். மின்னோட்டம் திரும்புவதற்கும் ஒரு கம்பி இட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினார். முறுக்கினால் கம்பிகள் மாறிமாறி இடம்பெயர்கின்றன. ஆகவே புறத்தூண்டல் இரண்டையும் ஏறத்தாழச் சமமாகத் தாக்குகிறது. ஒன்றில் எழுந்த மின்னழுத்தத்தை மற்றொன்றில் எழுந்தது ஈடுசெய்துவிட, கருவியை எட்டும் இரைச்சல் மிகக் குறைகிறது. பேச்சைச் சுமக்கும் மின்னோட்டமோ ஒன்றில் சென்று மற்றதில் திரும்புவதால் குன்றாமல் சேர்கிறது. எளிய தச்சனுக்கும் விளங்கக்கூடிய இவ்வழிக்கு அவர் 1881இல் காப்புரிமை பெற்றார். சென்னையில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது அதற்கடுத்த ஆண்டில்தான்.

கம்பி இருமடங்காவதால் செலவும் ஏறும், நிறுவனங்கள் தயங்கின. மின்சார டிராம் வண்டிகள் ஓடத்தொடங்கி, நிலத்தின் வழியே பெருமின்னோட்டம் பாய்ந்தபின் ஒற்றைக்கம்பியில் பேசுவதே அரிதாயிற்று. அதன்பின் தயக்கம் நீடிக்கவில்லை. 1900 அளவில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்புகள் முறுக்கிய இணையாகவோ, கம்பங்களில் இடையிடையே இடம்மாற்றிய இருகம்பியாகவோ மாறியிருந்தன.

பெல் 1922 ஆகஸ்டு 2ஆம் நாள் கனடாவில் மறைந்தார். அவருடைய நல்லடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஒலியடங்கி நின்றன.