பொன்மாளிகை வேந்தரின் திருமகளார்

செவிலிமேட்டை அடுத்த காஞ்சி மாநகரின் பொன்மாளிகையில் சுந்தர சோழர் விண்ணெய்தினார். அரசி வானவன்மாதேவியார் இளங்குழவியைப் பிரிந்து கணவருடன் தீப்புகுந்தார் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சாற்றும். உடன்பிறந்த ஆதித்த கரிகாலரோ வஞ்சகரால் கொலையுண்டார். இத்துயரங்களையெல்லாம் தாங்கியவர் திருமகளார் குந்தவைப் பிராட்டியார். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார்.

தம்பி அருண்மொழி 985இல் இராசராசராய் அரியணை ஏறினார். குந்தவையார் தாதாபுரத்தில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் தனித்தனியே கோயில் எடுத்தார்.

1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரியகோயிலில், தம் கொடைகளை அடுத்துத் தமக்கையார் கொடைகளையும், அதன் பின்னரே தேவியர் கொடைகளையும் கல்லில் வெட்டுமாறு பணித்தார் மன்னர். அங்கே குந்தவையார் தந்தையார்க்கும் தாயார்க்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்து அணிகலன்களும் அளித்தார். தீயில் மறைந்த அன்னையார், மகளாரின் அன்பினால் செம்பில் நிலைபெற்றார்.